வரிசையில் வைத்த பையும் சாம்பல் வானமும்

பலகையில் ஊர்ப் பெயர்கள் எல்லாம் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே சொல்: ரத்து. லண்டன் ரத்து, பாரிஸ் ரத்து, சென்னை ரத்து. எங்கள் ஒரகடம் தொழிற்சாலையில் ஒரு லைன் நின்றால் தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். ஒரே ஷிப்டில் அது இரண்டு தடவை எரிந்தால் ஜி.எம். மாடியிலிருந்து இறங்கி வந்து கத்துவார். இங்கே ஒரு கண்டத்துக்கே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கத்துவதற்கு யாரும் இறங்கி வரவில்லை.

2010 ஏப்ரல். பிராங்பர்ட் விமான நிலையம். நான் பிரேக் டிரம் கடையும் தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஜினியர். புதிதாக வாங்கும் மெஷினை ஜெர்மன்காரர்கள் கப்பலில் ஏற்றுவதற்கு முன் அவர்கள் ஊரிலேயே ஓட்டிப் பார்த்துச் சரி சொல்லும் வேலைக்காக என்னை அனுப்பியிருந்தார்கள். துணைக்கு வந்தவர் செல்வம், புரொடக்‌ஷன் சூப்பர்வைசர், சாத்தூர்க்காரர். துணை என்று சொல்வது மரியாதைக்காக. எந்தத் தொழிற்சாலையிலும் குவாலிட்டிக்கும் புரொடக்‌ஷனுக்கும் ஆகாது. நான் சரக்கை நிறுத்தி வைப்பவள், அவர் அனுப்பத் துடிப்பவர். இரண்டு வருடமாக நாங்கள் பேசிக்கொண்டது எல்லாம் சண்டைதான். ஜெர்மனியில் மெஷின் ஒழுங்காக ஓடிவிட்டதால் சண்டைக்கு விஷயம் கிடைக்காமல் இருவருமே கொஞ்சம் சோர்ந்திருந்தோம்.

வாலாஜாபாத்தில் என் மகன் இனியன் இருந்தான். எட்டு மாதம். வேலைக்குத் திரும்பிய பிறகும் காலையில் பஸ் வருவதற்கு முன்னும், மாலையில் வந்து செருப்பைக் கழற்றியதும் அவனுக்குப் பால் கொடுத்துவந்தேன். பயணம் ஒரு வாரம்கூட இல்லையே, கையால் அழுத்துகிற பம்பு ஒன்றை எடுத்துப் போனால் பால் வற்றாது, திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடரலாம் என்று கணக்குப் போட்டேன். என் மாமியார் வேறு கணக்குப் போட்டார். “இத்தோட நிறுத்திடும்மே, இத வுட்டா நல்ல சாக்கு கெடைக்காது” என்றார். முடியாது என்று ஜி.எம்.மிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், பிள்ளை பெற்றவளை எங்கேயும் அனுப்ப முடியாது என்று அடுத்த தடவை பேச்சு வரும். போகாமல் இருந்திருந்தாலும் அதை நினைத்துக் குமைந்திருப்பேன் என்பதால், போய்க் குமைவோம் என்று கிளம்பினேன்.

இதற்கெல்லாம் காரணம் ஐஸ்லாந்தில் ஒரு எரிமலை. அதன் பெயரை டி.வி. அறிவிப்பாளர்களே மூச்சுப் பிடித்துத்தான் சொன்னார்கள். செல்வம் முதல் நாளே அந்த முயற்சியைக் கைவிட்டு “அந்த மலைப்பய” என்று வைத்துக்கொண்டார்.

எரிச்சலூட்டியது என்னவென்றால், கண்ணாடிச் சுவருக்கு வெளியே வானம் அத்தனை நீலமாக இருந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. ஒரகடம் சந்திப்பிலிருந்து வாலாஜாபாத் வரைக்கும் டிப்பர் லாரிகள் கிளப்பிவிடும் தூசியில் முன்னால் போகிற பஸ்ஸின் நம்பரைப் படித்துவிட்டால் அன்று நல்ல நாள். அந்தத் தூசியில் தினம் இரண்டு வேளை போய் வருகிறவளை, கண்ணுக்கே தெரியாத தூசிக்காக உட்கார வைத்திருந்தார்கள்.

மாமியாருக்கு போன் போட்டேன். எரிமலை, சாம்பல், விமானம் இல்லை என்று முடிந்தவரை பொறுமையாகச் சொன்னேன்.

“சாம்பலுக்கா நிறுத்திட்டானுங்க? நம்ம வூட்டு மொட்டமாடில குவாரி சாம்பல் எவ்ளோ கீதுன்னு வந்து பாக்கச் சொல்லு அவனுங்கள. அதுலதான் நான் வடாம் காயவெக்கிறேன்.”

பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். பசும்பாலைத் தண்ணீர் கலந்து கொடுத்தால் மடக் மடக்கென்று குடிக்கிறானாம். “உன்ன தேடவே இல்ல, நீ நிம்மதியா இரு” என்றார். நிம்மதிக்காகச் சொன்னதுதான். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு வந்த வேலையைப் பார்ப்போம் என்று பம்பை எடுத்தேன்.

அந்தப் பம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்தில் மருந்துக்கடையில் வாங்கியது. பழைய கார் ஹாரன் மாதிரி ஒரு ரப்பர் உருண்டை, அதன் முன்னால் ஒரு கண்ணாடிக் குழல், அடியில் ஒரு சின்னப் பாட்டில். அழுத்தினால் ஹாரன் சத்தம் வராதே தவிர, வேறு ஒரு சத்தம் வரும். ஜெர்மன் கழிவறைகளின் அமைதியில் அது பக்கத்து அறைவரை கேட்கும். வெளியே வந்து கை கழுவும்போது பெண்கள் என்னைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள். எடுத்த பாலைத் தொட்டியில் ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்து விடுவேன். முதல் நாள் பாட்டிலில் பாதி இருந்தது. மறுநாள் அதைவிடக் குறைவு. அதற்கு மறுநாள் நான் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன், அளவு குறைந்த டிரம்மை எந்தக் கோணத்தில் அளந்தால் தேறும் என்று செல்வம் பார்ப்பாரே, அந்த மாதிரி.

விமானக் கம்பெனி எங்களைப் பட்டினி போடவில்லை. ஹாலில் வரிசையாக மடக்குக் கட்டில்கள் போட்டார்கள், ஆளுக்கொரு கம்பளி கொடுத்தார்கள். தள்ளுவண்டியில் வாழைப்பழமும் சாண்ட்விச்சும் வந்தன. சாண்ட்விச்சுக்குள் இருந்த சீஸ், ரப்பர் கேஸ்கட்டின் அளவிலும் சுவையிலும் இருந்தது. முறுக்கு மாதிரிப் பின்னி உப்புத் தூவிய ஒன்றைப் பார்த்து ஆசையாகக் கடித்தேன். உள்ளே பன். மூன்றாம் வேளையிலிருந்து செல்வம் தன் பெட்டியைத் திறந்து பருப்புப்பொடியை எடுத்தார். ரொட்டியின் மேல் பொடியைத் தூவி, நல்லெண்ணெய் விட்டு, பிசைய முடியாமல் மடித்துத் தின்றோம். பக்கத்துக் கட்டில்காரர் வாசனை பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். அவருக்கும் கொஞ்சம் கொடுத்தோம். தும்மிக்கொண்டே நன்றி சொன்னார்.

டி.வி.யில் ஓயாமல் இதே பேச்சு. ஒருவழியாக எனக்கும் புரிந்தது. எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் மாதிரி மெத்தென்று இருக்காதாம். பொடித்த கல், பொடித்த கண்ணாடி. இன்ஜினுக்குள் இருக்கிற சூட்டில் அது வெல்லப்பாகு போல உருகும். உருகிப் போய் உள்ளே சுழலும் தகடுகளில் ஒட்டி இறுகினால், காற்றுப் போக வழியில்லாமல் இன்ஜின் நின்றுவிடும். பைலட்டின் ராடாரில் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. எங்கள் குவாரித் தூசி லாரி டிரைவரின் நுரையீரலில்தான் ஒட்டுகிறது. லாரி ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

எவ்வளவு சாம்பல் இருந்தால் பறக்கலாம் என்பதுதான் சண்டை. இதுவரைக்கும் விதி, சாம்பல் இருந்தால் பறக்காதே, அவ்வளவுதான். எவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று இன்ஜின் செய்கிறவர்கள் சொல்லி வைக்கவே இல்லை. விமானக் கம்பெனிகள், வானம் சுத்தமாக இருக்கிறது, கணினியில் வரைந்த படத்தை வைத்துக்கொண்டு எங்களைக் கெடுக்காதீர்கள் என்றன. வானத்துக்குப் பொறுப்பான அதிகாரிகள், நிரூபித்துக் காட்டு என்றார்கள்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். இது எங்கள் சண்டை. அளவு டிராயிங்கில் இல்லை, சரக்கு வாசலில் நிற்கிறது, குவாலிட்டி கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறது. என்ன, வாழ்க்கையில் முதல் தடவையாக நான் புரொடக்‌ஷன் பக்கம் இருந்தேன். அந்த அதிகாரிகளைத் திட்டினேன். உட்கார்ந்த இடத்தில் இருந்துகொண்டு ஊரை நிறுத்துகிறான்கள், இவன்கள் வீட்டில் பிள்ளைகுட்டி இல்லையா என்றேன். செல்வம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“மேடம், நாங்க கேண்டீன்ல உங்களச் சொல்றது அப்படியே இதான். ஒரு வார்த்த கூடக் குறையல.”

பிறகு கம்பெனிகள் பயணிகள் இல்லாமல் சில விமானங்களை விட்டுப் பார்த்தன. இறங்கியதும் இன்ஜினுக்குள் கேமரா வைத்த குழாயை நுழைத்துப் பார்த்தார்களாம். ஒரு கம்பெனியின் தலைவரே அப்படி ஒரு விமானத்தில் ஏறிக் கையசைத்ததைக் காட்டினார்கள். அதைப் பார்த்ததும் செல்வம் தொடையில் தட்டினார். காரணம் உண்டு. எங்கள் தொழிற்சாலையில் அளவு சற்றுத் தப்பிய டிரம்மை, இந்த ஒரு முறை விடலாம் என்று மேலிடம் கையெழுத்துப் போட்டு அனுப்புவதற்கு டீவியேஷன் என்று பெயர். அதைக் கேட்டுப் போகிறவனிடம் ஜி.எம். ஒரே கேள்விதான் கேட்பார்: உன் வண்டியில் மாட்டுவியா? வெறும் கேள்வி இல்லை. தலையாட்டிவிட்டால் அந்த லாட்டின் முதல் டிரம் எங்கள் ஸ்டாஃப் வேனில் மாட்டப்படும். கேட்டவனும் கையெழுத்துப் போட்டவனும் அந்த வாரம் முழுக்க அந்த வேனில்தான் வர வேண்டும். இந்த வழக்கம் வந்த பிறகு டீவியேஷன் கேட்கிறவர்களே குறைந்துபோனார்கள்.

“அந்தாளு சொந்த வண்டியில மாட்டிட்டாரு மேடம்” என்றார் செல்வம்.

வானம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும் என்று அறிவித்தார்கள். அப்போதுதான் இன்னொரு விதி தெரியவந்தது. இன்றைய விமானத்துக்கு ஏற்கெனவே டிக்கெட் வாங்கியவர்களுக்குத்தான் முதல் இடம். ரத்தான விமானத்துக்காரர்களுக்கு மிச்சம் இருந்தால். அதாவது நேற்று மாலை வீட்டில் காப்பி குடித்துவிட்டு வந்தவன் ஏறுவான், கட்டிலில் கிடந்து முதுகு ஒடிந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும் என்பது எங்கள் ஸ்டோரில் சுவரில் எழுதியிருக்கும். இவர்கள் செய்கிறதை நாங்கள் செய்தால் ஆடிட்டில் தோலை உரித்துவிடுவார்கள். இதை நான் கவுன்ட்டரில் சொன்னேன். பொறுப்பாக இருந்த பெண்மணி, நரைத்த முடி, கழுத்தில் கட்டிய ஸ்கார்ஃப் எப்போதோ அவிழ்ந்து தொங்கியது, தொண்டை கட்டிய குரலில், “நீங்கள் சொல்வது நியாயம். மிச்சம் இருந்தால் கூப்பிடுவோம். வரிசையில் நில்லுங்கள்” என்றார்.

நின்றோம். வரிசை, திருவிழாவில் தேர் நகர்வது போல் நகர்ந்தது. ஒரு கட்டத்தில் எனக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டு வலி தாங்கவில்லை. பம்பு அடிக்க வேண்டும். ஆனால் பம்பை எடுக்கக்கூடத் தோன்றவில்லை, கையால் அழுத்திக்கொள்ளலாம் என்று நினைத்து, பையைச் செல்வத்திடம் கொடுத்துவிட்டு ஓடினேன். அவர் இடத்தைப் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில்.

செல்வம் இடத்தை நன்றாகவே பார்த்துக்கொண்டார், நம்மூர் முறைப்படி. அவருக்கும் கால் வலி, காப்பி ஆசை. கேஸ் சிலிண்டர் வரிசையில் சிலிண்டரை வைத்துவிட்டு நிழலில் போய் உட்காருவோமே, அதே மாதிரி என் கறுப்புப் பையை வரிசையில் எங்கள் இடத்தில் வைத்துவிட்டு, முன்னால் இருந்தவரிடம் இரண்டு நிமிஷம் என்று இரண்டு விரலைக் காட்டி, போய்விட்டார். பை நின்றால் ஆள் நின்ற மாதிரி. வாலாஜாபாத்தில் இதற்கு எதிர்ப்பேச்சு கிடையாது. யாராவது நகர்த்தினால் அடிதடியே வரும்.

நான் திரும்பி வந்தபோது வரிசையே இல்லை. சிவப்பு வெள்ளை நாடா கட்டி ஹாலின் பாதியைக் காலி செய்திருந்தார்கள். கவுன்ட்டர்கள் மூடிக்கிடந்தன. நூற்றுக்கணக்கான பேர் தூரத்தில் ஒதுங்கி நின்றார்கள். நடுவில் பளபளவென்ற தரையில் தன்னந்தனியாக என் பை. அதை ஒரு போலீஸ் நாய் முகர்ந்துகொண்டிருந்தது. நாடாவுக்கு இந்தப் பக்கம் இரண்டு கையிலும் காப்பியோடு செல்வம்.

“மேடம், நான் வச்சுட்டுத்தானே போனேன்” என்றார்.

பை என்னுடையது என்று சொல்லத்தான் வேண்டும். போகலாமா, சும்மா நிற்கலாமா, பாஸ்போர்ட் அதில் இருக்கிறதா, இல்லை கழுத்தில் தொங்குகிற பையில் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் யோசித்துவிட்டுக் கையைத் தூக்கினேன். ஒரு போலீஸ்காரப் பெண் எங்களை ஓரமாகக் கூட்டிப்போய் பையைத் திறந்தார். முதலில் வந்தது என் மாமியார் மடித்துக் கொடுத்த விபூதிப் பொட்டலம். சாம்பல் நிறப் பொடி. இது என்ன என்று கேட்டார். பொய் சொல்லப் பயந்து “சாம்பல்” என்றேன். ஐரோப்பா முழுக்க அந்தச் சொல்லுக்காக மூடிக்கிடந்தது. அவர் என்னையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். அடுத்து பம்பு. ரப்பர் உருண்டை, குழல். அதைத் தூக்கிப் பிடித்து உருட்டிப் பார்த்தார், ஒரு தடவை அழுத்தினார். அந்தச் சத்தம் வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. மெதுவாகக் கீழே வைத்தார்.

மூடிய கவுன்ட்டரின் நரைமுடிப் பெண்மணியும் அங்கே வந்து நின்றிருந்தார். குழந்தை எங்கே என்று கேட்டார். துப்பட்டாவை இழுத்துக்கொண்டேன். முன்பக்கம் ஈரம் பரவியிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. செல்வம் முன்னால் வந்தார். செய்த தப்புக்கு ஈடு கட்ட வேண்டும் என்ற வெறி அவர் முகத்தில் தெரிந்தது. தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் திரட்டி அவர் சொன்னதன் தமிழ் இது:

“மேடம் குழந்தை இந்தியாவில். பால் இங்கே. தினமும் உற்பத்தி நடக்கிறது. வாங்க ஆள் இல்லை. இப்படியே போனால் லைனை மூடிவிடுவார்கள்.”

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை. போலீஸ்காரப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. நரைமுடிப் பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. இனி இப்படிப் பையை விட்டுப் போனால் என்ன நடக்கும் என்று போலீஸ் செல்வத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, அவர் என்னைத் தன் கணினிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“கைக்குழந்தையோடு பயணம் செய்யும் தாய்க்கு முன்னுரிமை உண்டு” என்றார். “குழந்தையோடு.”

“நான் குழந்தையிடம் பயணம் செய்கிறேன்” என்றேன்.

அவர் நெடுநேரம் தட்டினார். பிறகு, இன்று மாலைச் சென்னை விமானத்தில் ஒரே ஒரு இடம் இருக்கிறது, வேண்டுமா என்றார்.

வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தவள், என் பிழைப்பு என்னை விடாமல், இன்ஜினில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். இத்தனை நாளில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை போலும். நாற்காலியை என் பக்கம் திருப்பினார். இந்தப் பகுதி வானத்தைக் கருவிகளை நம்பிப் பறக்க இன்னும் முழுதாகத் திறக்கவில்லை என்றார். ஆனால் பைலட் தன் கண்ணால் பார்த்து ஓட்டலாம் என்று ஒரு விதி இருக்கிறது. சின்ன விமானங்கள் வழக்கமாக அப்படித்தான் பறக்கும். அதை வைத்துச் சிறப்பு அனுமதி வாங்கியிருக்கிறார்கள். முதலில் தாழப் பறந்து, சாம்பல் இல்லாத வானம் வந்ததும் மேலே ஏறுவார்கள். கந்தக வாசனை வந்தாலோ இன்ஜின் சூடு ஏறினாலோ திரும்பிவிடுவார்கள். இறங்கியதும் ஒவ்வொரு இன்ஜினையும் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். இதுவரை பார்த்ததில் ஒன்றும் இல்லை. “எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். யோசித்துச் சொல்லுங்கள், ஆனால் சீக்கிரம்” என்றார்.

செல்வத்திடம் வந்து சொன்னேன். எனக்குப் பதில் அவர் ஏறட்டுமே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன், அவர் எதற்கும் துணிந்த ஆள். ஆனால் அவர் முகம் மாறிப்போயிற்று.

“கண்ணால பாத்து ஓட்டுவாகளா? விஷுவல் ஓக்கேவா மேடம்?”

எங்கள் லைனில் அளவுக் கருவி கிடைக்காத நாளில் புரொடக்‌ஷன் எழுதிக்கொண்டு வருகிற வார்த்தை அது. பார்வைக்குச் சரி. அதை எழுதிய தாளை நான் எத்தனை தடவை கிழித்திருக்கிறேன் என்பது அவருக்குத்தான் தெரியும்.

“மேடம், நீங்க குவாலிட்டி. இது நம்ம லைன்ல வந்திருந்தா ரிலீஸ் பண்ணியிருப்பீகளா?”

“மாட்டேன்.”

“பெறகு?”

கணவருக்கு போன் செய்தேன். முரளி ஸ்ரீபெரும்புதூரில் போன் தயாரிக்கிற கம்பெனியில் ஷிப்ட் இன்ஜினியர், எதையும் நிதானமாக யோசிப்பார் என்று பெயர். நிதானமாக யோசித்து, “உனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்” என்றார். இதற்கு எதற்கு போன் என்று வைத்துவிட்டேன். மாமியாருக்குப் போட்டேன். ஒருக்காலும் ஏறாதே என்றார். நாள் ஆனாலும் பரவாயில்லை, பிள்ளைக்குப் பால் இல்லாவிட்டால் பரவாயில்லை, அம்மா இல்லாமல் போனால் என்ன செய்வது என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. பின்னால் இனியன் ஏதோ உளறுவது கேட்டது. அது புதுச் சத்தம். நான் கிளம்பும்போது அவன் வாயில் அந்தச் சத்தம் இல்லை.

“ஏறப்போறேன் அத்தை” என்றேன். அதற்குப் பிறகுதான் அதை முடிவு செய்தேன் என்று நினைக்கிறேன்.

செல்வம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைசிக் கதவுவரை வந்தார். கந்தக வாசனையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வழியெல்லாம் பாடம் எடுத்தார். சாத்தூருக்குப் பக்கத்தில்தானே பட்டாசும் தீப்பெட்டியும், அவருக்குப் பிறந்ததிலிருந்தே அந்த வாசனைதான். தீக்குச்சி கிழித்த உடனே வருமே, அதில்லை, அணைந்த பிறகு வருவது என்றார். “நான் கூட வந்தா மோந்து சொல்லிருவேன். ஒத்த சீட்டால்ல குடுத்துட்டாக.” பருப்புப்பொடியில் பாதியை எனக்குக் கொடுக்கப் பார்த்தார். நான் வாங்கவில்லை, அவர் இன்னும் எத்தனை நாள் அங்கே கிடக்க வேண்டுமோ.

விமானம் கிளம்பியதும் வீடுகளும் வயல்களும் வெகுநேரம் கீழேயே தெரிந்தன. டவுன் பஸ்ஸில் போகிற மாதிரி ஒவ்வொரு ஊராகப் பார்த்துக்கொண்டு போனோம். மூக்கு நிறைய மூச்சை இழுத்து இழுத்து எனக்குத் தலை சுற்றியது. நல்ல தாழ்வில் இருக்கும்போதே ஒரு கருகல் வாசனை வந்தது. அணைந்த பிறகு வருவதா, கிழித்த உடனே வருவதா என்று நிதானிக்க முடியவில்லை. மணியை அழுத்தினேன். பணிப்பெண் வந்து குனிந்தார். வாசனை, என்றேன். அவரும் முகர்ந்தார். பின்னால் போய்த் திரும்பி வந்து, அடுப்பில் ரொட்டி அதிகமாகச் சுட்டுவிட்டது, மன்னியுங்கள் என்றார். பக்கத்து இருக்கைக்காரர், கோட்டு போட்ட பெரிய மனிதர், நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன் என்று தமிழில் சொன்னார். பிறகு விமானம் மூக்கைத் தூக்கி மேலே ஏறத் தொடங்கியது. யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். கருகிய ரொட்டியை ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.

சென்னையில் இறங்கியபோது விடிந்து வெயில் ஏறியிருந்தது. கம்பெனி கார் வந்திருந்தது. டிரைவர் ஏழுமலை படப்பைக்காரர். என்னை ஏற இறங்கப் பார்த்து, “இன்னா மேடம், சாம்பலு ஒண்ணும் மேல படலியே” என்று ஏமாற்றமாகக் கேட்டார். வண்டலூர் தாண்டியதும்தான் விஷயத்தைச் சொன்னார். ஜி.எம். என்னைக் கம்பெனிக்கு அழைத்துவரச் சொல்லியிருக்கிறாராம். மெஷின் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும், பிறகு வீட்டுக்குப் போகலாம்.

படப்பை வரைக்கும் நான் யோசித்தேன். வழியில்தானே இருக்கிறது. போட்டுவிட்டுப் போனால் மனசில் சுமை இல்லை. போகாவிட்டால் நாளைக்குப் பேச்சு வரும். ஒரகடத்தில் எங்கள் வாசல் தெரிந்தது. ஷிப்ட் பஸ்கள் வரிசையாக நின்றிருந்தன. ஏழுமலை இண்டிகேட்டரைப் போட்டார்.

“நேரா போங்க” என்றேன்.

“ஜி.எம்.முக்கு இன்னா சொல்றது மேடம்?”

“நான் ரிலீஸ் ஆகலைன்னு சொல்லுங்க.”

வாசல் பின்னால் போய்விட்டது. திரும்பிப் பார்க்காமல் இருக்க வாலாஜாபாத் வரைக்கும் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இனியன் மாமியாரின் இடுப்பில் இருந்தான். கையை நீட்டினேன். என்னைப் பார்த்தான். அளவு பார்க்கிற பார்வை. பிறகு முகத்தைத் திருப்பி அவர் தோளில் புதைத்துக்கொண்டான். மறுபடி நீட்டினேன். அழத் தொடங்கினான். மாமியாருக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “தூக்கத்துல கீறான், அதான்” என்றார். அவன் தூக்கத்தில் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அவனைத் தரையில் விட்டுவிட்டு, தோட்டத்தில் வேலை கிடக்கிறது என்று வெளியே போனார். தோட்டம் என்பது ஒரு முருங்கை மரம்.

நானும் தரையில் உட்கார்ந்துகொண்டேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அழுவான் என்று பயம். என் உடம்பில் என்ன மிச்சம் இருக்கிறது என்றும் தெரியவில்லை. விமானத்தில் கடைசியாகப் பார்த்தபோது பாட்டிலின் அடியை நனைக்கத்தான் வந்தது. அவன் பெட்டியிடம் தவழ்ந்து போனான். சக்கரத்தைச் சுழற்றினான், நாக்கால் தொட்டுப் பார்த்தான். நான் தடுக்கவில்லை, பிராங்பர்ட் அழுக்கு ஒரு வாய் போனால் போகட்டும். அப்புறம் என் பக்கம் வந்தான். முழங்காலைப் பிடித்து எழுந்து, துப்பட்டாவை இழுத்து, மூக்கை என் சட்டையில் வைத்து, ஒரு நிமிஷம் அசையாமல் நின்றான். நானும் மூச்சு விடவில்லை.

பிறகு அவனே வழி கண்டுபிடித்தான். வாய் வைத்தான். உறிஞ்சினான். நின்றான். என்ன இது, வரவே இல்லையே என்பது போல் நிமிர்ந்து பார்த்தான். மறுபடி வைத்து, இந்தத் தடவை ஓங்கிக் கடித்தான். உயிர் போயிற்று. அலறிவிட்டேன். அவன் பயப்படவில்லை. வாயைத் திறந்து சிரித்தான். கீழ் ஈறில் அரிசி போல இரண்டு பல். போனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை யாரும்.

“இன்னாம்மே, குடிக்கிறானா?” தோட்டத்திலிருந்து மாமியார் குரல்.

“கடிக்கிறான் அத்தை.”

“கடிச்சா வுட்டுட மாட்டியே நீ.”

விடவில்லை. அவனும் விடவில்லை. உறிஞ்சி உறிஞ்சி, எங்கிருந்தோ ஊசி குத்துவது போல ஒரு சுரீர், பிறகு அவன் தொண்டையில் மெல்லிய சத்தம், ஒரு விழுங்கல். இன்னொன்று. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.